"இந்த விலைக்கு இவ்வளவுதான் மேடம்" என்று ஷோரூமில் சொன்னால்...

கரூர் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், ஷோரூம், கார் கம்பெனி எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்.

அவர் தனியார் மருத்துவமனையில் செவிலியர். கணவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டில் மாமியாரும் ஏழு வயது மகனும். பதினைந்து வருடம் ஒரே டூவீலரில் காலம் தள்ளிய குடும்பம். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்ததும் துணிந்து, தீபாவளிக்கு முன்பாகத் திருச்சியில் ஒரு ஷோரூமில் ஹேட்ச்பேக் ஒன்றின் ஆரம்ப மாடலை எடுத்தார்கள். விளம்பரத்தில் விலை 5,60,000 ரூபாய். கடைசியில் கொடுத்தது 7,06,000. அதில் நாலரை லட்சம் வங்கிக் கடன்.

நாலரை மாதம் ஆகிறது, 3,900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 24 என்றார்கள், 16, 17தான் வருகிறது. பின் கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டியிருக்கிறது. டெஸ்ட் டிரைவ் கொடுத்த வண்டியில் பட்டன் இருந்தது. ஐந்து பேர் ஏறினால் ஏசி திணறுகிறது. வேகத்தடையில் இடது முன்பக்கம் 'டக்' என்று சத்தம். மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டும் போகவில்லை. ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. போகிற போக்கில், 'இடது முன்கதவு நிறம் வெயிலில் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கு, அது பெரிய விஷயமில்லை' என்றும் எழுதியிருக்கிறார். வண்டி மே மாதமே தயாரானது என்று பிறகுதான் தெரிந்ததாம். ஐந்து மாதப் பழைய ஸ்டாக்கை ஏமாற்றித் தள்ளிவிட்டார்கள் என்று கோபம். ஏர்பேக் இரண்டுதான் என்பதால் மகனை ஆபத்தில் ஏற்றிவிட்டோமோ என்று ஒரு பயமும் இருக்கிறது.

மேனேஜரிடம் போய்க் கேட்டதற்கு அவர் சொன்னது: "மேடம், ஆறு லட்ச ரூபா வண்டியில இதுக்கு மேல என்ன எதிர்பார்க்குறீங்க?"

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் புது வண்டி கிடைக்கும் என்கிறார் சகோதரியின் அண்ணன். அதுவரை ஈ.எம்.ஐ. கட்டாதே, வண்டியை ஷோரூம் வாசலில் நிறுத்திவிட்டு வா என்பதும் அவர் யோசனைதான். என்ன செய்யலாம் என்று கேட்கிறார் சகோதரி.

சகோதரி, அந்த மேனேஜர் உங்களை வாயடைக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஆனால் கேள்வி என்னவோ நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்த்தால் உங்கள் புகார்ப் பட்டியலில் பாதி உதிர்ந்துவிடும். மிச்சப் பாதி நீங்கள் நினைத்திருப்பதைவிடக் கனமானது.

விலையோடு சேர்ந்து குறைந்தவை

பின் கண்ணாடி விஷயத்தை முதலில் விட்டுவிடுங்கள். 2009-இல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோ வந்தபோது, அதன் ஆரம்ப மாடலில் ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, இடது பக்கம் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி கூடக் கிடையாது. வைப்பர் ஒன்றே ஒன்று. ஆனால் எது இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள், அதனால் அது குறைபாடு ஆகாது. சட்டத்தின் பார்வையில் குறைபாடு என்பது, இருக்க வேண்டிய அல்லது தருவதாகச் சொன்ன தரம் இல்லாமல் போவது. நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் மாடலின் பெயர் தெளிவாக இருக்கிறது. அந்த மாடலுக்கான அட்டவணையில் பின் கதவுக்குப் பவர் விண்டோ இல்லை. டெஸ்ட் டிரைவுக்கு எல்லா வசதியும் உள்ள உச்ச மாடலைக் கொடுத்து ஆரம்ப மாடலுக்கு புக்கிங் வாங்குவது ஷோரூம்களின் பழைய வித்தை. எனக்கு அது பிடிக்காது. ஆனால் அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது.

ஏசி விஷயமும் ஏறக்குறைய இதுதான். ஆயிரம் சிசிக்குள் இருக்கும் எஞ்சின், ஐந்து பேர், கரூர் வெயில் என்றால் குளிரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அடுத்த சர்வீஸில் ஏசி காற்று வரும் வாயில் வெப்பமானி வைத்து அளந்து, அளவை ஜாப் கார்டில், அதாவது புகாரையும் செய்த வேலையையும் எழுதும் சர்வீஸ் தாளில், எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனி சொல்லும் அளவுக்குள் இருந்தால் அத்தோடு விடுங்கள்.

மைலேஜ் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். நீங்கள் பார்த்த 24 என்ற எண் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. மொத்தம் 1,180 விநாடி ஓட்டம், அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். வேகத்தடை கிடையாது, பேருந்து நிலைய நெரிசல் கிடையாது, மாமியாரும் மூட்டையும் கிடையாது. அதோடு இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் அதிலும் கொஞ்சம் போகும். ஊருக்குள் ஏசி போட்டு 16, 17 வருவது, சொன்ன எண்ணிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைவு. வருத்தம்தான், வழக்கு அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. டேங்கை நிரப்பி, நெடுஞ்சாலையில் இரண்டு பேர் மட்டும் 70, 80 வேகத்தில் ஒரு இருநூறு கிலோமீட்டர் போய்விட்டு, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். அப்போதும் 17தான் என்றால் கதை வேறு. கேரளத்தில் ஒரு டீசல் காருக்கு லிட்டருக்கு 32 என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நுகர்வோர் கோர்ட், அதாவது நுகர்வோர் ஆணையம், நியமித்த நிபுணர் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது வந்தது 19.6. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-இல் மூன்று லட்சத்துக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆக மைலேஜ் புகார் செத்த புகார் இல்லை. ஆனால் அதை நிரூபிக்க அளவு வேண்டும். 'எனக்கு வரவில்லை' என்பது போதாது.

மே மாதத் தயாரிப்பை அக்டோபரில் விற்றதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆரம்ப மாடல்கள் யார்டில் நாலைந்து மாதம் நிற்பது சகஜம். தயாரான மாதமும் வருடமும் வண்டியில் பொறித்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. டெலிவரிக்கு முன் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். வருடம் மாறவில்லை என்பதால் மறுவிற்பனையில் பெரிய நஷ்டமும் இராது. வாரன்டி நீங்கள் வண்டி எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். அந்தக் கோபத்தை மிச்சம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

விலையோடு குறையக் கூடாதவை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு ஒன்று, அறுபது லட்ச ரூபாய்க் காருக்கு ஒன்று என்று இரண்டு இல்லை. பிரேக் பிடிக்க வேண்டும், நேராக ஓட வேண்டும், வாரன்டியில் சொன்னதைச் செய்ய வேண்டும், விற்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். 'இந்த விலைக்கு இவ்வளவுதான்' என்ற பதில் பின் கண்ணாடிக்குச் செல்லும். ஸ்டியரிங் இழுப்புக்குச் செல்லாது.

ஏர்பேக் பயத்தைப் பற்றி. முன்னால் இரண்டு ஏர்பேக், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., சீட் பெல்ட் எச்சரிக்கை, 80 வேகத்தைத் தாண்டினால் ஒலி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் எவ்வளவு மலிவான காரிலும் கட்டாயம். ஆறு ஏர்பேக் கட்டாயம் ஆக்கப்படவில்லை. வண்டியை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, அதற்கு வண்டியை அனுப்புவதும் கம்பெனியின் விருப்பம்தான். ஆகவே உங்கள் வண்டி சட்டப்படி குறை வைத்த வண்டி அல்ல. ஆறு இருந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பையனைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அவன் உயரத்துக்கேற்ற பூஸ்டர் சீட் போட்டு பெல்ட் மாட்டுங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். மாமியார் மடியில் உட்காரும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இருக்கிற ஏர்பேக் வேலை செய்யாமல் போனால் அது முழுக் குறைபாடு. மோதலில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், மோதிய வேகத்தையும் விசையையும் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக வாங்குபவர் இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லி, காரை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதிசெய்தது.

5,60,000 எப்படி 7,06,000 ஆனது

நீங்கள் அனுப்பிய ரசீதைக் கூட்டிப் பார்த்தேன். சாலை வரி 72,800. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம், கணக்கு சரி. காப்பீடு 34,200. ஆக்சசரி பேக் 22,900. 'ஹேண்ட்லிங்' 6,500. 'பதிவு மற்றும் இதரம்' 9,600.

கடைசி மூன்று தொகைகள்தான் உறுத்துகின்றன. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41) பிரிவு கட்டுப்பாட்டு வணிக முறை என்கிறது. ஆர்டர் படிவத்தில் பேக்குக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அது உங்களுக்குப் பலவீனம். ஆனால் 'பேக் எடுத்தாதான் மேடம் தீபாவளிக்கு முன்னாடி டெலிவரி' என்று விற்பனையாளர் வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறாரே, அந்த ஒரு வரி உங்கள் கையெழுத்தைவிட கனம். தயவுசெய்து போனை மாற்றும்போது அதைத் தொலைத்துவிடாதீர்கள். கணவர் கடையே அதுதான் என்பதால் பத்திரமாக நகல் எடுத்துத் தருவார்.

ஹேண்ட்லிங் என்பது யார்டிலிருந்து வண்டியைக் கொண்டு வந்து, கழுவி, உங்களிடம் கொடுக்கும் செலவாம். விற்கிற கடைக்காரரின் வேலை அது. எந்தச் சட்டமும் அதை உங்கள் தலையில் கட்டவில்லை. 'இதரம்' என்பதற்கு ஒவ்வொன்றாக விவரம் கேளுங்கள். மத்திய விதிகளின்படி சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், ஆர்.சி.யில் வங்கிக் கடனைப் பதிய 1,500 ரூபாய். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வண்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். அரசுக்குப் போன ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கும். ரசீது இல்லாத ரூபாய் எங்கே போனது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காப்பீட்டைத் தங்களிடம்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேங்க் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னது தவறு. இனி அதைத் திருப்ப முடியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டியாக வேண்டும். உங்கள் எஞ்சின் அளவுக்கு 2022 அறிவிப்பின்படி அது 6,521 ரூபாயும் வரியும். ஆகவே வரும் அக்டோபரில் சொந்தச் சேதக் காப்பீட்டை மட்டும் புதுப்பித்தால் போதும். எந்தக் கம்பெனியிலும் செய்யலாம், நாலு இடத்தில் விலை கேளுங்கள். மூன்றாம் நபர் பிரீமியத்தை மறுபடி சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி. எவ்வளவு என்றும் பாருங்கள். 1,200 சிசிக்கு மிகாத, நான்கு மீட்டருக்கு மிகாத பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். வண்டி மே மாதம் தயாரானதாக இருந்தாலும் உங்களுக்குப் பில் போட்டது அக்டோபரில். பழைய 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் அதில் இருக்கக் கூடாது.

அந்த இடது பக்கம்

இப்போது நான் உங்கள் கடிதத்தில் இரண்டு முறை படித்த இடத்துக்கு வருகிறேன்.

சத்தம் எங்கே? இடது முன்பக்கம். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது? இடது. எந்தக் கதவின் நிறம் மாறியிருக்கிறது? இடது முன்கதவு. நீங்கள் அனுப்பிய படத்தில் இடது முன் டயரின் வெளிப்புற ஓரம் தேய்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. 3,900 கிலோமீட்டரில் புது டயர் ஒரு பக்கமாக அப்படித் தேயக் கூடாது. டெலிவரி அன்று மீட்டரில் 118 கிலோமீட்டர் காட்டியது என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண விளக்கம் இருக்கிறது. சத்தம் சக்கரத்தின் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு என்ற சின்னக் கம்பியாக இருக்கலாம். இழுப்பு வெறும் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணம், பிசகியதாக இருக்கலாம். தொழிற்சாலையிலேயே கதவுக்கு மறுபூச்சு நடந்திருக்கலாம், அதுவும் உண்டு. யார்டிலிருந்து ஓட்டி வந்ததில் மீட்டர் ஏறியிருக்கலாம். எல்லாம் ஒரே பக்கத்தில் கூடி நிற்பதுதான் சந்தேகம் தருகிறது. உங்களிடம் வருவதற்கு முன்பே இந்த வண்டி யார்டிலோ வழியிலோ இடது பக்கம் அடிபட்டு, டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்து, புது வண்டியாக விற்கப்பட்டதா? எனக்குத் தெரியாது, இது சந்தேகம் மட்டுமே. ஆனால் இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, செலவும் அதிகம் இல்லை.

நம்பகமான ஒரு டிங்கரிங் கடையிலோ பழைய கார் வியாபாரியிடமோ பெயின்ட் கெட்டி அளக்கும் சின்னக் கருவி இருக்கும். இரண்டு முன்கதவுகளிலும் இரண்டு பென்டர்களிலும் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பூச்சு பெரும்பாலும் நூறு மைக்ரானை ஒட்டி இருக்கும். மறுபடி பூசிய இடத்தில் அதுபோல இரண்டு மூன்று மடங்கு காட்டும், பட்டியும் போட்டிருந்தால் அதற்கும் மேல். கதவு கீல் போல்ட்டிலும் பென்டர் போல்ட்டிலும் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட் காட்டிக்கொடுத்துவிடும். பம்பரின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது பிளாஸ்டிக் என்பதால் கொஞ்சம் வேறாகத்தான் தெரியும்.

அடுத்தது, வேறு ஒரு ஊரில் உள்ள அதே கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். உங்கள் சேசிஸ் நம்பரில் இதுவரை பதிவான எல்லா வேலைகளின் பட்டியலையும் கேளுங்கள். டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். வாயால் கேட்டால் 'சிஸ்டத்துல இல்ல மேடம்' என்பார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் போடுங்கள். சேசிஸ் நம்பருக்கு ரீகால், அதாவது குறை சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது, ஏதாவது இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடலாம். இருந்தால் அது இலவசமாகச் சரிசெய்யப்பட வேண்டிய விஷயம்.

நான்கு சக்கர அலைன்மென்ட் அளவுத்தாளையும் அச்சிட்டு வாங்குங்கள். மூன்று முறை சர்வீஸ் போயும் ஒரு முறைகூட ஜாப் கார்டு வாங்கவில்லை என்கிறீர்கள். 'போல்ட் டைட் பண்ணியாச்சு, எடுத்துட்டுப் போங்க' என்றார்களாம். இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். காகிதத்தில் இல்லாத புகார், ஆணையத்தின் முன் நடக்காத புகார். இனி நீங்கள் சொல்லும் வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சந்தேகம் உண்மையானால் பொறுப்பு யாருடையது? கோவாவில் 2011-இல் புதுக் கார் என்று வாங்கியவர் கையில் 2009-இல் தயாராகி ஓடிய கார் போய்ச் சேர்ந்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் செய்த தவறில் தயாரிப்பாளருக்குத் தெரிந்தே பங்கு உண்டு என்று நிரூபிக்காமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு. ஆகவே அடிபட்ட வண்டியை மறைத்து விற்றார்கள் என்ற புகார் முதலில் டீலர் மேல்தான் நிற்கும். சத்தம், இழுப்பு போன்ற வாரன்டிப் புகார் இருவர் மேலும் நிற்கும். மனுவில் இருவரையும் சேர்க்க வேண்டும், ஆனால் யார்மேல் எந்தக் குற்றச்சாட்டு என்பதைப் பிரித்து எழுத வேண்டும்.

அண்ணன் சொன்ன 'புது வண்டி'

இது எளிதில் கிடைக்காது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அடிப்படை: பழுதான பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடியும் என்றால் முழு வண்டியை மாற்றித் தரச் சொல்ல முடியாது. உங்கள் சத்தம் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற பாகத்தை மாற்றினால் போய்விடும் என்றால், அதை மாற்றுவதும் நீங்கள் மூன்று முறை அலைந்ததற்கு இழப்பீடும்தான் கிடைக்கும். அடிபட்டதை மறைத்து விற்றது நிரூபணமானால்தான் பணத்தைத் திருப்பக் கேட்பதற்கோ மாற்று வண்டி கேட்பதற்கோ பலம் வரும். அதனால்தான் மைலேஜையும் கண்ணாடியையும் மனுவில் போட்டுக் கலக்க வேண்டாம் என்கிறேன். பத்துப் புகார் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் பலவீனமான எட்டை எடுத்துப் பேசி, கனமான இரண்டை அதன் அடியில் புதைத்துவிடுவார்.

ஈ.எம்.ஐ.யை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு, டீலரோடு உள்ள சண்டை வேறு. நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண் கெடும், வண்டியை எடுத்துப் போகவும் வங்கிக்கு வழி பிறக்கும். வாசலில் நிறுத்திவிட்டு வருவதும் வேண்டாம். நிறுத்தக் கட்டணம் கேட்பார்கள், வெயிலில் கிடந்து இன்னும் கெடும். அதே நேரம், ஸ்டியரிங் இழுக்கும் வண்டியை நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டாதீர்கள். அந்த மைலேஜ் சோதனையும் இழுப்பு சரியான பிறகுதான்.

வரிசை

முதலில் பெயின்ட் அளவும் அலைன்மென்ட் தாளும். பிறகு டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே கடிதம். அதில் 'ஏமாற்றிவிட்டீர்கள்' என்று எழுத வேண்டாம். தேதி வாரியாக நடந்ததை எழுதி, இந்தச் சேசிஸ் நம்பர் வண்டிக்கு விற்பனைக்கு முன் பாடி வேலை ஏதும் நடந்ததா, ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். 15 நாள் கொடுங்கள். அவர்கள் 'இல்லை' என்று எழுதி, பிறகு கருவி வேறு சொன்னால், அந்தக் கடிதமே உங்கள் சாட்சி.

இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். ஹேண்ட்லிங், ஆக்சசரி மாதிரியான பண விஷயங்கள் சில சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது திருச்சி என்பதால் திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் கரூர் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் மனுப் போடலாம். கெடு இரண்டு வருடம். மனுவோடு, 38-ஆவது பிரிவின் கீழ் வண்டியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கக் கேளுங்கள். நிபுணர் அறிக்கை இல்லாத கார் வழக்கு பெரும்பாலும் தள்ளுபடிதான். ஆய்வு இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள்.

கடைசியாக, கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்களே, கடன் சுமை குறைய சனி ஞாயிறுகளில் கணவர் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு ஓட்டலாமா என்று. வேண்டாம். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் வாடகை ஓட்டுவது பர்மிட் மீறல், அந்த நேரம் விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிடும். நாளைக்கு ஆணையத்தில் 'இவர் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதிடவும் நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். வெளிக் கடையில் ரிவர்ஸ் கேமரா போடும் யோசனையையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். வயரை வெட்டி இணைக்கச் சொல்லாதீர்கள். கேமரா போட்டதால் மொத்த வாரன்டியும் போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னது மிகை. ஆனால் வழக்கு முடியும்வரை இந்த வண்டியில் வெளி ஆள் கை எதுவும் படாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

பெயின்ட் அளந்ததும் நாலு எண்களையும் எனக்கு எழுதுங்கள். இடது பக்க எண்ணும் வலது பக்க எண்ணும் ஒன்றாகவே இருந்தால் கடிதத்தின் வாசகத்தை மாற்ற வேண்டியிருக்கும்.